கழற்றிக்கொண்டு போகக்கூடிய கூரை

என் மனைவி மதலேன் கொடுத்த மாங்கன்றை அந்த அம்மா தரையில் நடவில்லை. சோப்புக் கரைசல் வந்த நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, மண் நிரப்பி, அதில் நட்டார். இடத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ரெட்டியார்பாளையத்தில், விழுப்புரம் சாலையிலிருந்து சற்று உள்ளே இருந்த எங்கள் காலி மனையை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். தோப்பே வைக்கலாம்.

"மாமரத்த டிரம்முல வச்சா காய்க்குமாம்மா?" என்று மதலேன் கேட்டாள்.

"காய்க்கலன்னா போவட்டும் மதாம். போற எடத்துக்குக் கூட வரும்ல?"

"இப்பதானேம்மா வந்தீங்க. அதுக்குள்ள எங்க போறீங்க?"

"நான் எங்க போறேன்? யாராவது போவச் சொல்லுவாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

அந்த அம்மா ஊரின் பழைய முஸ்லிம் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக அவரிடம் வரும். துவைத்துத் தேய்த்து மடித்துத் திருப்பி அனுப்புவார். இருபது பெண்கள் வரை அவரிடம் வேலை செய்தார்கள். அவர்களுக்கு அவர் அக்கா. ஓட்டல்காரர்களுக்கு லாண்டரி அம்மா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னை அவர் முசே என்பார், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்து 'ஐயா'. எங்கள் குடும்பத்து ஆண்களை ஊரில் பழையவர்கள் இன்னும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன்.

மனையைப் பார்க்க வந்த அன்று அவர் மண்ணைப் பார்க்கவில்லை, கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. கேட்டின் அகலத்தைக் கைகளை விரித்து அளந்தார். தெருமுனை வரை நடந்து போய்த் திருப்பத்தில் நின்று, குறுக்கே போன மின்கம்பியை அண்ணாந்து பார்த்தார்.

"நீட்டு லாரி இங்க திரும்புமா முசே?"

"வர்றப்ப கொஞ்சம் பாத்து வந்தாத் திரும்பிடும்மா."

"வர்றப்ப எப்படியாவது வந்துடும். போறப்ப?"

வித்தியாசமான பெண்மணி என்று நினைத்தேன். அவரைக் கொஞ்சம் தேற்ற வேண்டும்போல இருந்தது. "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த எடம் உங்களுக்குத்தான்மா" என்றேன். அவர் அப்படி ஒன்றைக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

"ரொம்ப நாள் இருங்க முசே" என்றார். பார்வை அப்போதும் மின்கம்பி மேல்தான் இருந்தது.

நான் சுவர் கனத்த வீட்டில் பிறந்தவன். கட்டடம் என்றால் எனக்குச் செங்கல், சுண்ணாம்பு, பிற்பாடு கான்கிரீட். "நாலு சுவரு எழுப்பி மேல தளம் போட்டுடுங்க, காலத்துக்கும் நிக்கும்" என்று யோசனை சொன்னேன்.

"காலத்துக்கும் நிக்கும். யாருக்கு?" என்றார்.

பிறகு எனக்கு ஒரு பாடமே நடத்தினார். ஆலையிலேயே தூணும் உத்தரமும் அளவாக வெட்டித் துளை போட்டு வரும் இரும்புக் கட்டடங்களைப் பற்றி. தொழிலில் இருப்பவர்கள் அதைப் பி.இ.பி. என்கிறார்கள். அவர் 'ரெடிமேட் ஷெட்டு' என்பார். தன் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அதைப் பற்றிப் பேசும்போதுதான்.

"உங்க தளம் போட்டா நடுவுல தூணு வரும் முசே. தூணு வந்தா தள்ளுவண்டி இடிக்கும். மழக்காலத்துல உள்ள கொடி கட்ட முடியாது. இதுல இந்தச் செவுத்துலேர்ந்து அந்தச் செவுரு வரைக்கும் ஒரு தூணு கெடையாது. பாரம் கம்மி, அதனால அஸ்திவாரம் சின்னதாப் போதும். மணல் வரல, செங்கல் வரல, கொத்தனாரு மாமியா செத்துட்டான்னு ஒக்காந்துனு இருக்க வேணாம். தச்ச சட்டைக்குப் பட்டன் போடற மாதிரி போல்ட்டு போட வேண்டியதுதான். நாளைக்கு நாலு மெஷினு கூட வந்தா பின்பக்கத் தகட்ட எடுத்துட்டு நீட்டிக்கலாம். எல்லாத்தையும் வுடுங்க. கழட்டி மாட்டலாம்."

அந்தக் கடைசி வார்த்தையில் குரல் தாழ்ந்தது, ஏதோ ரகசியம் சொல்வதுபோல.

அவர் கொண்டுவந்ததே ஒருமுறை கழற்றிய கட்டடம்தான். கடலூர்ப் பக்கம் இறால் தீவனக் கிடங்காக இருந்தது. கிடங்கை மூடியதும் அவர் வாங்கிப் பிரித்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். எதிர்மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர் சன்னல் உயரத்துக்குச் சுவர் எழுப்புவதற்குள் இங்கே கூரை ஏறிவிட்டது. அந்த மனிதர் தினமும் சாலையில் நின்று பார்த்துவிட்டுத் தன் கொத்தனாரைத் திட்டப் போவார்.

உள்ளே போனால் எல்லாமே புறப்படத் தயாராக நிற்கும். துவைக்கும் எந்திரங்களைத் தரையோடு சேர்த்துப் பூசவில்லை. மரக்கட்டைமேல் ரப்பர் வைத்துப் போல்ட்டில் நிறுத்தியிருந்தார். மேசைகள் மடியும். தண்ணீர்த் தொட்டி பிளாஸ்டிக். சுவரில் ஓர் ஆணிகூடக் கிடையாது. மெக்கா படம் போட்ட காலண்டர் ஒரு கம்பிக் கொக்கியில் தொங்கும். 'கழட்டி மாட்டலாம்' என்பதை எல்லாவற்றுக்கும் சொல்வார். குழாய் உடைந்தால், மோட்டார் நின்றால், ஒரு பெண் வேலைக்கு வராமல் போனால்கூட.

மூத்த வேலைக்காரி அஞ்சலைக்கு வாய் அதிகம். புருஷனோடு சண்டை போட்டுவிட்டு ஒருநாள் வந்து விரிப்பை உதறிக்கொண்டே கேட்டாள்: "ஏன்க்கா, புருஷனையும் கழட்டி மாட்டலாமா?"

"கழட்டலாம். மாட்டறதுக்கு ஆளு கெடைக்கணும்."

"எனுக்குக் கெடைப்பாங்கக்கா. நீ ஒரு ஸ்பேனரு மட்டும் குடு."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் சிரிப்புக்கு நடுவிலும் கை பக்கத்துத் தூணின் நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைத்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. பேசும்போதும், கணக்குச் சொல்லும்போதும், யாரையோ திட்டும்போதும் ஏதாவது ஒரு போல்ட்டின் மேல் இருக்கும்.

ஒரு கார்த்திகையில் புயல் கரையைக் கடக்கும் என்று அறிவித்தார்கள். மதியத்திலேயே பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் ஷெட்டில் இருந்தார். நான் குடையோடு போய், எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும்படி கூப்பிட்டேன். குடை வழியிலேயே முறிந்துவிட்டது.

"தளம் போட்ட வீடும்மா. பயமில்லாம இருக்கலாம்."

"உங்க வூடு நிக்கும் முசே. அதுக்கு நான் எதுக்கு?"

தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் இதையே அவர் இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பேனரோடு தூணுக்குத் தூண் போனார். ஒவ்வொரு நட்டிலும் வைத்து அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தளரவில்லை. தளராது என்று அவருக்கும் தெரியும். சுற்றி முடித்து மறுபடி முதல் தூணுக்கே வந்தார். காற்று மோதும்போது தகடுகள் மூச்சு இழுப்பதுபோல உள்வாங்கி வெளியே தள்ளின.

"உங்க வூடுன்னா மேல வுழுந்துடுமோன்னு பயப்படணும்" என்றார் என் காதருகே. "இது பறந்துடுமோன்னு பயப்படணும். லேசா இருக்கறதுக்கு அதான் வெல."

அவர் கை தூணின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏன் நடுங்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது நடுங்குது. நான் புடிச்சிருக்கேன், அவ்ளோதான்."

கட்டடம் நின்றது. எதிர்வீட்டுப் புது மதில் தெருவில் படுத்துக் கிடந்தது. அவருக்கு அதில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. அடுத்த நாளே நனைந்த விரிப்புகளை மறுபடி துவைக்கப் போட்டுவிட்டார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அஞ்சலைதான் சொன்னாள். முன்பு முதலியார்பேட்டையில் வேறொருவர் மனையில் தொழில் நடத்தினாராம். சுவர் எழுப்பி, தரை போட்டு, சிமெண்டுத் தொட்டிகள் கட்டி. எல்லாம் கட்டி முடித்துப் பூச்சு காய்வதற்குள், தன் தம்பிக்குக் கல்யாணம் என்று மனைக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். "தொட்டியத் தூக்கினு வர முடியுமா முசே? அக்கா அந்தச் செவுத்த தடவித் தடவிப் பாத்துட்டு வந்துச்சு. அந்த ஆளு இன்னிக்கும் அதுல மாடு கட்டறான்."

கேட்டு வருத்தப்பட்டேன். அந்த மனைக்காரரைப் பற்றிக் கடுமையாக ஏதோ சொன்னேன் என்றும் நினைவு.

என் மகன் பிரான்சில் இருக்கிறான். அங்கே வீடு வாங்க வேண்டும், ரெட்டியார்பாளையத்து மனையை விற்றுவிடலாமா அப்பா என்று தொலைபேசியில் கேட்டான். சரி என்றேன். அவ்வளவு நேரம்தான் ஆனது. யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. மகன் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தது, வந்தும் சொல்லவில்லை. வாங்குபவர் மனை காலியாக வேண்டும் என்றார். அதற்கும் தலையாட்டினேன். அந்த அம்மாவிடம் சொல்வதை மட்டும் தள்ளிக்கொண்டே போனேன். ஷெட்டைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் வேறு தெரு வழியாகப் போனேன்.

ஈஸ்டருக்கு எங்கள் வீட்டில் கேக் செய்து அக்கம்பக்கம் கொடுப்பது வழக்கம். அவருக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு துண்டு போகும். அந்த ஆண்டு நானே கொண்டு போனேன். வாங்கித் திறந்து பார்த்தார். மூடினார்.

"வித்துட்டீங்களா முசே?"

நான் காலண்டரைப் பார்த்தேன்.

"வருசா வருசம் ஒரு துண்டு வரும். இந்த வருசம் முழுக் கேக்கு வந்திருக்கு. அதான் கேட்டேன்."

"மகன் வந்து... அங்க வீடு..."

"எப்பக் காலி பண்ணணும்?"

சொன்னேன். கோபப்படுவார், வாக்கை நினைவூட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ ஒரு பெருமூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார். பல நாளாக எதிர்பார்த்த விருந்தாளி ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டதுபோல இருந்தது அவர் முகம்.

"பரவால்ல. போறதுக்குத்தானே கட்டினேன்" என்றார். "அஞ்சல, கேக்க வெட்டி எல்லாருக்கும் குடு. முசே மனைய வித்த கேக்கு."

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. கேக்கைச் சாப்பிட்டார்கள்.

வில்லியனூர்ப் பக்கம் அவருக்கு ஒரு மனை கிடைத்தது. புரட்டாசியில் ஷெட்டைப் பிரித்தார்கள். நான் போய் ஓரமாக நின்றேன். வீட்டை இடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். புழுதி, சுத்தியல், கடைசியில் குப்பை மேடு. இதில் எதுவும் இல்லை. ஏறிய வரிசைக்கு நேர்மாறாக எல்லாம் இறங்கியது. தகடுகள், குறுக்குச் சட்டங்கள், உத்தரங்கள், கடைசியாகத் தூண்கள். நட்டும் போல்ட்டும் சாக்குகளில் போயின. ஓர் இரும்புத் துண்டுகூட வீணாகவில்லை. மனையின் ஓரத்தில் எல்லாவற்றையும் கட்டைமேல் அடுக்கினார்கள். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி வேலை வாங்கினார். அன்று அவரைப் பார்த்தால் யாரும் வெளியேற்றப்படுகிறவர் என்று சொல்ல மாட்டார்கள். "பாத்தீங்களா முசே?" என்று என்னிடமே வந்து பெருமையாகக் கேட்டார். அது என்னை இன்னும் வாட்டியது.

வில்லியனூரில் அஸ்திவாரம் இறுக வேண்டும் என்பதால் இரும்பு சில நாள் எங்கள் மனையிலேயே கிடந்தது. எந்திரங்களைத் தற்காலிகமாக ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் வைத்து ஓட்டினார். துணி தாமதமாகப் போனது, ஓட்டல்காரர்கள் முணுமுணுத்தார்கள். டிசம்பர் கூட்டம் வருவதற்குள் புது ஷெட் எழும்பாவிட்டால் வேறு லாண்டரிக்குப் போய்விடுவோம் என்று சொல்லியும் விட்டார்கள். இதற்கு நடுவில் தங்கை மகள் நிக்காஹுக்காக அவர் காரைக்கால் போக வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில் இரண்டு மழை பெய்தது. அடுக்கிய இரும்பில் அங்கங்கே துரு பூத்திருந்ததைப் பார்த்தேன். இவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. பெயிண்டர்களைக் கூப்பிட்டு, துரு பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு அடிக்கச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்து மகிழ்வார் என்று எண்ணினேன்.

"பெயிண்டு அடிச்சா எல்லாம் சரியாப் போயிடுமா உங்களுக்கு?" என்றாள் மதலேன். நான் மனைக்குக் கிளம்பிவிட்டேன்.

வேலை நடக்கும்போது பெயிண்டர் ஒருவர் வந்து கேட்டார்: "ஐயா, ஓரத்துலலாம் வெள்ளையில ஏதோ எழுத்து எழுதிக்கீது. வுட்டுட்டு அடிக்கவா?"

பழைய கிடங்குக்காரர்கள் கிறுக்கியது என்று நினைத்தேன். "விட்டா அசிங்கமா இருக்கும். சேத்தே அடிச்சிடுங்க" என்றேன்.

காரைக்காலிலிருந்து திரும்பியதும் அந்த அம்மா மதலேனுக்கு ஒரு பொட்டலம் அல்வாவோடு நேராக மனைக்கே வந்தார். நான் பெருமையோடு அருகில் நின்றேன். செம்மண் நிறத்தில் எல்லாம் ஒன்றுபோல, அடுக்கு அடுக்காக, பளபளவென்று கிடந்தன. அவர் ஓர் உத்தரத்தின் முனைக்குப் போய்க் குனிந்தார். கட்டைவிரலால் தேய்த்தார். அடுத்ததற்குப் போனார். அதற்கடுத்ததற்கு.

"எழுத்தெல்லாம் எங்க முசே?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அல்வாப் பொட்டலத்தை இரும்பின் மேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மனையை விற்றதைக் கேட்டபோது பார்த்த முகம் அல்ல இது.

அஞ்சலைதான் எனக்கு விளக்கினாள். பழைய கட்டடம் என்பதால் முதலில் இங்கே பூட்டியபோதே துளைகள் நேருக்கு நேர் வரவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு பக்கத்தையும் வைத்து, அந்த இரண்டுக்கும் பொருந்தும்படி துளையை விரித்துத்தான் போல்ட் போட்டார்கள். இப்போது பிரிக்கும் முன், எது எதோடு சேரும் என்று மூட்டின் இரண்டு பக்கமும் ஒரே எழுத்தை அந்த அம்மாவே ஏணியில் ஏறி எழுதியிருக்கிறார்.

"இது புருஷன், அது பொண்டாட்டின்னு வச்சிக்கோயேன் முசே. பாத்தா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. ஜோடி மாறினா ஒட்டாது."

அன்றும் அடுத்த சில நாட்களும் பெண்கள் வரிசையாகக் குந்தி, தின்னரும் எமரித் தாளும் வைத்துத் தேய்த்தார்கள். மேல் பூச்சோடு வெள்ளை எழுத்தும் சேர்ந்து வழிந்தது. ஓரிரண்டு தப்பித் தெரிந்தன. மற்றவை கறைதான். நானும் உட்கார்ந்து தேய்த்தேன்.

"இது 'க'வா 'த'வா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வாத்தியார் பக்கத்துலதானே கீறாரு, கேளு" என்றாள் அஞ்சலை. "எழுத்த அழிக்கறதுல பெரிய ஆளு."

அந்த அம்மா அவளை அதட்டினார். "வயசானவரு கையில தின்னர் பட்டா எரியும், அவர எழுப்பி அனுப்பு" என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஐப்பசியில் வில்லியனூரில் வேலை தொடங்கியது. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆட்டோ பிடித்துத் தினமும் போய், ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். சிமெண்டுத் திட்டுகளில் தூண்கள் ஏறின. முதல் உத்தரம் கிரேனில் போய் எப்படியோ பொருந்திவிட்டது. அதைக் கம்பி வடத்தால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி நிறுத்தினார்கள். இரண்டாவது பொருந்தவில்லை. இறக்கி வேறொன்றை ஏற்றினார்கள். அதுவும் சேரவில்லை. துளைக்கும் துளைக்கும் விரல் அகலம் வித்தியாசம். மேலே தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் கத்தினார்: "இது அதோட ஜோடி இல்லக்கா!"

இப்படியே போனது. ஒவ்வொன்றாக ஏற்றி, இறக்கி, மாற்றி. கிரேன் இன்னொரு இடத்துக்குப் போக வேண்டியது. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு தூணும் ஓர் உத்தரமுமாகத் தனியாக நின்ற முதல் சட்டம் காற்றில் அசையும்போதெல்லாம் வடம் முனகியது. அடுத்த சட்டத்தை நிறுத்தி இரண்டையும் இணைத்தால்தான் அது நிற்கும். கீழே யாரும் போகாதீர்கள் என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார்.  சட்டம் விழுந்தால் மேலே உட்கார்ந்திருக்கும் மனிதர் என்ன ஆவார் என்ற நினைவை என்னால் விரட்ட முடியவில்லை.

வேலையை நடத்திய மேஸ்திரி அவரிடம் வந்தார். "அக்கா, இதுக்கு மேல தாங்காது. ஓட்டைய நம்பினு இருக்க வேணாம். கெடைச்ச ஜோடிய வச்சி வெல்டு அடிச்சிடறேன். எல்லாத்துக்கும். பாற மாதிரி நிக்கும்."

"வேற வழியே இல்லியா?"

"நாலு நாளு வெயிலு அடிச்சா ஒண்ணொண்ணா வச்சிப் பாக்கலாம். அடிக்குமா?"

அவர் வானத்தைப் பார்த்தார். சாலையோரம் துணி மூட்டைகளோடு நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.

"வெல்டு அடிச்சா நிக்கும்" என்றார். "ஆனா போவாதே."

"எங்கக்கா போவணும்? நிக்கத்தானே கட்டறோம்?" என்றார் மேஸ்திரி, உண்மையாகவே புரியாமல்.

அவர் சாக்கிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். பிறகு, "சரி, வையி" என்றார்.

கிரேன் உத்தரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது. மேலே நீல வெளிச்சம் வெட்டியது. பொறி கொட்டியது. பெண்கள் முந்தானையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். ஒரு மூட்டு முடிந்து அடுத்த மூட்டுக்குப் போனார்கள். காஸ் வைத்து அறுத்தாலொழிய இனி அவை பிரியா.

அவர் என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்றார். எழுத்து அழிந்த நாளுக்குப் பிறகு என்னோடு அவர் பேசியதில்லை. கைகளை என்ன செய்வதென்று தெரியாதவர்போல ஒன்றோடு ஒன்று பிசைந்துகொண்டிருந்தார்.

"இந்த மனைக்காரரு உங்ககிட்ட காலேஜுல படிச்சவராமே முசே?"

"ஆமாம்மா."

"ஆளு எப்படி?"

இத்தனை ஆண்டுகளில் எந்த மனைக்காரரைப் பற்றியும் அவர் இப்படிக் கேட்டதில்லை. என்னைப் பற்றியும் யாரிடமும் விசாரிக்கவில்லை. கேட்டை அளந்தார், மின்கம்பியைப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த மாணவனை நினைத்துப் பார்த்தேன். மரியாதையான பையன். வகுப்பில் முன்வரிசையில் இருப்பான். அவனுக்கும் வெளிநாட்டில் ஒரு மகள் இருக்கிறாள் என்று கேள்வி.

"நல்லவர்தான்மா" என்றேன்.

"நீங்களும் நல்லவருதான் முசே" என்றார் அவர். குரலில் குத்தல் இல்லை. "அவரு வார்த்தைய நம்பலாமா? அத மட்டும் சொல்லுங்க."

மழை பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. மேஸ்திரி மேலே பார்த்து அவசரப்படுத்தினார். அந்த அம்மா நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.